சுற்றுவதெல்லாம் சுழல்வதாகுமா?

கேள்வி: ‘வேர்ல்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு என்னிடமுள்ள சிறிய அகராதி ‘சுற்று’ என்று மட்டும் பொருள் தருகிறது. மகளின் ஆங்கிலப் பாடத்திலோ, புதிய பாடசாலைக்குச் சென்ற முதல் நாளில் ஒரு சிறுமியின் தலை ‘வேர்ல்’ நிலையில் இருந்ததாக வருகிறது. அவளுக்குத் தலைச்சுற்று வந்ததாக நாங்கள் பொருள் கொண்டது சரியா?
– வாசகி, ஹட்டன்

பதில்: சரியன்று, அம்மா. பிழை உங்களுடையதன்று, ‘சுற்று’ என்பது அச்சொல்லுக்கு மிகவும் தளர்ந்த சட்டை. எல்லவிலிருந்து பதுளைக்குச் செல்லும் ரயில், தெமோதரை நிலையத்தைக் கடந்தபின் குன்றை வளைந்து சுற்றி இறங்கி, அதே நிலையத்திற்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகச் செல்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது சுற்றுகிறது; ஆனால் அதை எந்த ஆங்கிலேயரும் ‘வேர்ல்’ என்று சொல்லமாட்டார். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுவதற்குக் காற்றை அனுப்பும் பெரிய மின்விசிறியின் இறக்கைகள், ஒன்றையொன்று பிரித்தறிய முடியாதபடி வெறும் வட்டமாகத் தெரியுமளவுக்கு ஓடுகின்றனவே, அதுதான் ‘வேர்ல்’. விரைவு என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், ‘வேகமாக’ என்று தனியே சேர்க்கவேண்டியதில்லை. தமிழில் ‘சுழல்’ என்பதே அதற்கு நெருக்கமானது. ‘கறங்கு’ என்னும் பழஞ்சொல் இன்னும் பொருத்தமானது. காற்றாடிக்கும் அப்பெயர் உண்டு. அது வழக்கிலிருந்து மறைந்துவிட்டது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது.

இனி அந்தச் சிறுமியின் தலை. பல செய்திகள் ஒரே வேளையில் வந்து மோத, மனம் எதிலும் நிலைகொள்ளாமல் தவிப்பதையே அத்தொடர் சொல்கிறது, நோயை அன்று. ‘அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை’ என்று நாம் பேசுவதே நல்ல மொழிபெயர்ப்பு. சுழற்சியிலிருந்து அலைக்கழிவுக்குப் பொருள் தாவுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. ‘சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்’ என்று வள்ளுவர் சொல்லும்போது, உலகம் பம்பரமாக ஆடுவதைச் சொல்லவில்லை. பிற தொழில்களை நாடி அலைந்து திரிவதைச் சொல்கிறார்.

இச்சொல்லோடு காற்று சேர்ந்து ‘வேர்ல்விண்ட்’ ஆகும்போது, இடம் பார்த்தே தமிழாக்கவேண்டும். பழைய தமிழ் வேதாகமத்தில் எலியா ‘சுழல்காற்றிலே’ பரலோகத்திற்கு ஏறிப்போகிறார்; ஓசியாவின் நூலிலோ காற்றை விதைத்தவர்கள் ‘சூறைக்காற்றை’ அறுக்கிறார்கள். பழைய ஆங்கில வேதாகமத்தில் இரண்டு இடங்களிலும் நிற்பது அந்த ஒரே சொல்தான். முன்னதில் மேலே தூக்கிச் செல்லும் சுழற்சியும் பின்னதில் அழிவும் தெரியும்படி தமிழ் இரண்டாகப் பிரிந்திருப்பது எவ்வளவு அழகு!

கேள்வி: ஒன்றுக்கு ‘ஒரு வேர்ல் கொடு’ என்றால் அதைச் சுழற்று என்பதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை. ‘ஒருமுறை செய்துதான் பாரேன்’ என்பதே பொருள். நண்பர்களிடையே பேசுவதற்கு ஏற்ற வழக்கு இது. விண்ணப்பக் கடிதத்திலோ பரீட்சைக் கட்டுரையிலோ எழுதவேண்டாம்.

கேள்வி: நீர்மின் நிலையத்தின் ‘டர்பைன்’ இச்சொல்லோடு உறவுடையதா? உலகத்தைக் குறிக்கும் ‘வேர்ல்ட்’?
– மாணவர், தலவாக்கலை

பதில்: பிறப்பால் இரண்டுக்கும் உறவில்லை. ‘டர்பைன்’ என்பதை 1822இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் குளோட் பூர்தென், சுழல்காற்றையும் பம்பரத்தையும் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அமைத்தார்; ஆகவே பிறப்பு வேறானாலும் கருத்து ஒன்றே, தமிழிலும் அதைச் ‘சுழலி’ என்கிறோம். ‘வேர்ல்’ பழைய நார்ஸ் மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘வேர்ல்ட்’ என்பதோ ‘மனிதன்’, ‘காலம்’ என்னும் இரு பழைய ஜெர்மானியச் சொற்கள் இணைந்தது. உச்சரிப்பில் இவ்விரண்டையும் பிரிப்பது இறுதி ‘ட்’ ஒன்றே என்பதால், வாசிக்கும்போது அதை விழுங்கிவிடாதீர்கள். எழுதும்போது, முன்னதில் ‘டபிள்யூ’வை அடுத்து ‘எச்’ வரும்.