எந்த ஜார்ஜ் டவுன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கொள்ளுத்தாத்தா 1897இல் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. உறை இல்லை, தலைப்பில் ‘ஜார்ஜ் டவுன்’ என்று மட்டும் இருக்கிறது. கடை நன்றாக நடப்பதாகவும் பணம் அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார், தொகை மங்கிவிட்டது. சென்னை ஜார்ஜ் டவுனில் இருக்கும் மண்ணடிதான் என்கிறார் சித்தப்பா, பினாங்கு என்கிறார் அத்தை. எது சரி?

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஆண்டை நீங்கள் சரியாகப் படித்திருந்தால், அத்தை சொல்வதே சரி. நம் ஜார்ஜ் டவுன் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் அமைந்தது. அவர் இளவரசராகச் சென்னைக்கு வந்ததே 1906இல்தான், அரியணை ஏறியது 1910இல். ஆகவே 1897இல் மண்ணடியிலிருந்து எழுதியவர் ‘பிளாக் டவுன்’ என்றோ முத்தியால்பேட்டை என்றோதான் குறித்திருப்பார். அந்தக் கறுப்பர் நகரமும் ஒன்றல்ல. கோட்டையை ஒட்டியிருந்த பழையதை, 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் இடித்துத் தள்ளியதால், இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் அந்த நிலத்தை விட்டுப் பெயர் மட்டும் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் குடிபெயர்ந்தது.

கோட்டைக்குப் பெயர் தந்த ஜார்ஜ் அரசரே அல்லர், புனிதர்; அவர் திருநாளான ஏப்ரல் 23 அன்று, 1640இல், கோட்டையின் முதற்பகுதி கட்டி முடிந்தது. அந்த ஜார்ஜிடமிருந்து இந்த ஜார்ஜிடம் நடந்தே போய்விடலாம். வழியில் பாரிமுனை வரும். பேருந்துப் பலகையில் அதைப் படித்துவிட்டு, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் ஊர் என்று சிறுவயதில் நானும் நம்பியிருக்கிறேன். அவர் 1788இல் இங்கே வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்று தெரிந்தபோது சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

பினாங்கின் ஜார்ஜ், மூன்றாம் ஜார்ஜ். 1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் கொடியேற்றியபோது, தீவுக்கு வேல்ஸ் இளவரசரின் பெயரையும் ஊருக்கு அவருடைய தந்தையின் பெயரையும் வைத்தார். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் சூலியா தெரு அங்கேதான் இருக்கிறது. தென்னமெரிக்காவில் கயானாவின் தலைநகரும் அதே அரசரின் பெயரைத்தான் 1812இல் பெற்றது. சென்னைத் துறைமுகத்திலிருந்து அங்கும் கப்பல் போனது உண்மை. ஆனால் அவற்றில் போனவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். கடை வைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பியவர் என்றால் நான் பினாங்கையே முதலில் நினைப்பேன்.

சித்தப்பா இன்னும் ஒப்புக்கொள்ளாவிட்டால், மங்கிய தொகையை விட்டுவிட்டு அதை அடுத்த சொல்லை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். மண்ணடிக்காரர் ரூபாய் என்று எழுதியிருப்பார். பினாங்குத் தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்பார்கள்.