வளைகுடா விமான வேலைக்கு அம்மாவின் பெர்மிட் காணி பிணையா?

கேள்வி: நான் விசுவமட்டைச் சேர்ந்தவள், வயது 26. இரத்மலானையில் படித்து வணிக விமானி உரிமம் எடுத்திருக்கிறேன். ஐக்கிய அரபு இராச்சியத்தில் உள்ள ஒரு தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானி வேலை கிடைத்திருக்கிறது. கொழும்பு முகவர் ஒருவர் ஊடாகத்தான் வந்தது. கடிதத்தில் ‘மாதம் 20,000 திர்ஹம் வரை’ என்று இருக்கிறது. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சியும் தகுதியும்) செலவுக்காக மூன்று வருட பொண்ட், அதாவது அதற்குள் விலகினால் கட்ட வேண்டிய தொகை 110,000 திர்ஹம். அதற்கு அம்மா பிணை நிற்க வேண்டுமாம். அவருடைய இரண்டு ஏக்கர் பெர்மிட் காணியின் (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) மூலப் பத்திரத்தையும் ‘பாதுகாப்புக்கு’ என்று முகவர் கேட்கிறார். அதோடு செலவுக்காசு நான்கு லட்சம் ரூபாய். ‘பெர்மிட் காணியை ஒருத்தரும் எடுக்கேலாது, பயப்படாமல் குடுங்கோ’ என்கிறார் மாமா. அடுத்த கிழமை கையெழுத்து வைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, மாமா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. சட்டத்துக்கு மாறான உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக அந்தக் காணியைப் பறித்து ஏலம் போடவும் வழியில்லை. ஆகவே முகவரின் மேசை லாச்சிக்குள் அந்தப் பத்திரம் கிடப்பதால் அவருக்குக் காணியில் ஒரு உரிமையும் வராது.

ஆனால் அம்மா கையெழுத்து வைக்கப்போவது காணிக்கு அல்ல. அவர் தனிப்பட்ட பிணையாளியாக நிற்கிறார். காணியைத் தொட முடியாவிட்டாலும் அவருடைய வங்கிக் கணக்கு, நகை, உழவு இயந்திரம், தனி உறுதிக் காணி ஏதும் இருந்தால் அது, எல்லாமே அந்தப் பிணைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். எங்கள் நாட்டில் நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. ‘முதலில் கடனாளியிடம் கேள், அங்கே கிடைக்காவிட்டால் என்னிடம் வா’ என்று அவர் சொல்லலாம். அச்சடித்த பிணைப் படிவங்களில் பெரும்பாலும் கடைசிப் பந்தியில், ‘பிணையாளிக்குரிய சலுகைகளைத் துறக்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் கையெழுத்து விழுந்தால் நிறுவனம் உங்களைத் தேடி அலையத் தேவையில்லை. நேரே விசுவமட்டுக்கு, அம்மாவின் பெயருக்குக் கோரிக்கைக் கடிதம் வரும். என்னைக் கேட்டால், அம்மா பிணை நிற்கவே வேண்டாம். பொண்ட் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் மட்டும் இருக்கட்டும்.

இனிச் சம்பளம். ‘20,000 வரை’ என்பதில் அந்த ‘வரை’தான் முழு விஷயமும். நீங்கள் அனுப்பிய கடிதத்தின்படி அடிப்படைச் சம்பளம் 9,000, வீட்டுப்படி 5,000, மிச்சம் 6,000 பறக்கும் மணித்தியாலத்துக்கு 75 திர்ஹம் வீதம் 80 மணித்தியாலத்துக்கு. மாதம் 80 என்றால் வருடம் 960. ஐரோப்பிய விதிகளில் ஒரு விமானி நாட்காட்டி ஆண்டொன்றில் 900 மணித்தியாலத்துக்கு மேல் பறக்க முடியாது, எந்த 28 நாளிலும் 100க்கு மேல் போகவும் முடியாது. உங்கள் நிறுவனத்துக்குரிய எல்லை அதன் இயக்கக் கையேட்டில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். எப்படிப் பார்த்தாலும் வருடம் முழுக்க மாதம் 80 என்பது நடக்கிற கணக்கு அல்ல. 50 மணித்தியாலம் பறந்த மாதத்தில் கையில் வருவது 17,750. லீவில் நிற்கும் மாதம், சுகமில்லாத மாதம், வீட்டில் ஸ்டாண்ட்பையில் இருந்து கூப்பிடாமலே போன நாட்கள் எல்லாம் இன்னும் குறையும். பயணியாக ஏற்றி இன்னொரு ஊருக்கு அனுப்பும் மணித்தியாலத்துக்குக் காசு உண்டா என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அதிலும் வீட்டுப்படியும் பறப்புப்படியும் ‘லைன் பயிற்சி முடிந்த திகதியிலிருந்து’ என்று இருக்கிறது, அதாவது பயிற்றுநரோடு வழக்கமான சேவைகளில் பறந்து பழகும் காலம் முடிந்த பிறகு. அதுவரை வெறும் 9,000தான். அந்த மாதங்களில் வீட்டு வாடகையை யார் கட்டுவது? இதைக் கட்டாயம் கேளுங்கள். குறைந்தபட்ச உத்தரவாத மணித்தியாலம் ஒன்றை, 60 என்றாவது, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் இருக்கும் ஏற்பாடுதான் இது, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அடிப்படைச் சம்பளம் குறைவாக இருப்பதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி, ஒரு வருடமாவது வேலை செய்தவருக்குச் சேவை முடிவில் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம். அது அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்குப் பார்க்கப்படும். உங்களுக்கு வருடத்துக்கு 6,300 திர்ஹம் வரும். முழு 20,000இல் கணக்குப் பார்த்திருந்தால் 14,000 வந்திருக்கும்.

பேஸ் (நீங்கள் தங்கியிருந்து பறக்கும் நிலையம்) பற்றிய வரி எனக்குப் பிடிக்கவில்லை: ‘நிறுவனம் காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும் எந்த நிலையமும்’. இப்படி இருந்தால் வீடு எடுத்துத் தளபாடம் வாங்கிய பிறகு வேறு நாட்டுக்குப் போ என்றாலும் போகத்தான் வேண்டும். எத்தனை நாள் முன்னறிவித்தல், இடமாற்றச் செலவு யாருடையது, புதிய இடத்தில் வீட்டுப்படி எவ்வளவு, தற்காலிக பேஸ் ஒரு தடவைக்கு அதிகபட்சம் எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். ரோஸ்டர் (மாதப் பணி அட்டவணை) எந்தத் திகதியில் வெளியாகும், வெளியான பிறகு ஓய்வு நாளை அவர்கள் விருப்பத்துக்கு மாற்றலாமா என்பதும் வேண்டும். நான்கு நாள் ஓய்வில் ஊருக்கு வரலாம் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டுநாயக்கவில் இறங்கி, ஏ9 வீதியால் பரந்தன் வந்து, அங்கே திரும்பி வீட்டுக்குப் போய்ச் சேரவே ஒரு நாள் சரி. திரும்பிப் போக இன்னொரு நாள். ஊழியர் டிக்கெட் இடம் இருந்தால் மட்டும் ஏறுகிற வகையா, உறுதிசெய்த இருக்கையா என்று பாருங்கள். முதல் வகை என்றால் பெருநாள் காலத்தில் அதை நம்ப வேண்டாம்.

பொண்ட் என்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். டைப் ரேட்டிங் செலவு பெரியது, காசு போட்டவர்கள் கொஞ்சக் காலம் ஆளை வைத்திருக்க நினைப்பது நியாயம். உங்கள் பொண்டின் குறை, அது தேயாதது. 35ஆம் மாதத்தில் விலகினாலும் அதே 110,000. மாதாமாதம் 36இல் ஒரு பங்கு கழிய வேண்டும் என்று கேளுங்கள். அப்படியென்றால் இரண்டு வருடம் முடிந்த பிறகு மிச்சம் ஏறத்தாழ 36,667தான். அப்புறம், எந்தச் சந்தர்ப்பத்தில் பொண்ட் தானாக இரத்தாகும் என்றும் இருக்க வேண்டும். நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால், தகுதிகாண் காலத்தில் அவர்களே வேண்டாம் என்றால், மருத்துவச் சான்றிதழ் போய்விட்டால், சம்பளத்தை ஒழுங்காகத் தராததால் நீங்கள் விலகினால். 2020இல் கொரோனாவோடு உலகம் முழுக்க விமானிகள் வேலை இழந்தார்கள். இந்தக் கடிதத்தின் வாசகப்படி அப்படி வெளியேற்றப்பட்டவரிடமும் ‘சேவை எவ்வாறு முடிந்தாலும்’ என்று பொண்ட் காசு கேட்கலாம். அந்த மூன்று சொல்லை வெட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

முகவர் விஷயம் சுருக்கமானது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் தொழில் செய்வது குற்றம். உரிம இலக்கத்தை வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். புறப்பட முன் உங்கள் பதிவையும் அங்கே செய்ய வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியச் சட்டமும் ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடக் கூடாது என்கிறது. ஆகவே நான்கு லட்சம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டுத் தரமாட்டேன் என்றால் பேச்சை அதோடு நிறுத்தலாம்.

இந்தத் திருத்தங்களை எல்லாம் முகவரிடம் தொலைபேசியில் சொல்லிப் பயனில்லை. நிறுவனத்தின் ஆளணிப் பிரிவுக்கே மின்னஞ்சல் போடுங்கள், கையெழுத்துக்கு இரண்டு கிழமை அவகாசமும் கேளுங்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கமாட்டார்கள். உத்தரவாத மணித்தியாலம் கிடைக்காவிட்டாலும், பொண்ட் தேயும் என்றும் அம்மா பிணையில்லை என்றும் ஒத்துக்கொண்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் போவேன். அவை இரண்டும் இல்லையென்றால் போகமாட்டேன்.

பெர்மிட் பத்திரத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். 2009 இடப்பெயர்வில் பத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு வருடக் கணக்காக நடந்தவர்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். தர மறுத்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் பிரதியைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கொடுத்து வையுங்கள்.