நடை தள்ளாடினால் டாக்டர் ஏன் புற்றுநோயைத் தேடுகிறார்?

சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் ஓர் அம்மாவுக்குச் சில வாரங்களிலேயே நடை தள்ளாடி, பேச்சும் குழறிவிட்டது. மூளை ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஈப்போவில் டாக்டர்கள் புற்றுநோயைத் தேடுகிறார்கள். ஏன் என்று மகள் கேட்டிருக்கிறார்.

எங்கோ ஒளிந்திருக்கும் சிறு கட்டி, நரம்பணுக்களில் உள்ள அதே புரதத்தைச் சில சமயம் உருவாக்கும். கட்டியைத் தாக்கக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி நரம்பையும் தாக்கிவிடும். தோட்டத்துச் சட்டையில் திருடன் வந்ததால், அந்தச் சட்டை போட்ட எல்லாரையும் ஜாகா (காவல்காரர்) அடிப்பதுபோல.

இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் புரதம், இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் வகையே எங்கே தேடுவது என்று காட்டும்: ‘யோ’ ஆன்டிபாடி என்றால் பெரும்பாலும் சினைப்பை, மார்பகம். சிடி, பெட் ஸ்கேனில் கட்டி அகப்படாவிட்டால், சந்தேகம் வலுவாக இருப்பவர்களுக்கு 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டுவரை தேடுவார்கள். தயவுசெய்து சலித்து நிறுத்திவிடாதீர்கள்.

கட்டிக்குச் சிகிச்சை செய்வதுதான் முக்கியம். கூடவே எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் மருந்துகள். இளம்பெண்களுக்கு அதிகம் வரும் என்எம்டிஏ ஆன்டிபாடி வகையில் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். ‘யோ’ வகையில் இறந்த நரம்பணு திரும்பாது. அங்கே ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

“புற்றுநோய் மூளைக்குப் பரவிவிட்டது” என்று பலர் அழுதுவிடுகிறார்கள். இது பரவல் அல்ல, பல சமயம் கட்டி சிறிதாக இருக்கும்போதே இந்த அறிகுறிகள் வந்துவிடுகின்றன.