லோ பிபி இருந்தால் எடையைக் குறைக்கக் கூடாதா?

கேள்வி: வயது 34, எடை 78 கிலோ. ரத்த அழுத்தம் எப்போதும் 90/60-ஐ ஒட்டியே இருக்கிறது. எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை விட்டேன். காலையில் வெறும் வயிற்றில் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங். மூன்றாம் நாள் கயிற்றைக் கீழே போட்டதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். உடற்பயிற்சியே எனக்கு ஆகாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஆகும். தலை சுற்றியது குதித்ததால் அல்ல, சட்டென்று நின்றதால் என்றுதான் தோன்றுகிறது. குதிக்கும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றதும் அது நின்றுபோய், ரத்தம் காலிலேயே தேங்கிவிடும். போதாக்குறைக்கு முந்தைய மதியத்திலிருந்து பட்டினி வேறு!

ஸ்கிப்பிங் இப்போதைக்கு வேண்டாம், நடங்கள். கிளம்ப அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம், இரண்டு டம்ளர் தண்ணீர். கடைசிப் பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். வந்தவுடன் வெந்நீர்க் குளியல் வேண்டாம். அதுவும் அழுத்தத்தை இறக்கும். படுத்துச் செய்யும் பயிற்சி என்றால் புரண்டு, உட்கார்ந்து, அப்புறம் எழுந்திருங்கள்.

இரவு இரண்டு இட்லி, நிறைய சாம்பார் சாப்பிடலாம். மாதம் இரண்டு கிலோ குறைந்தாலே நல்ல வேகம்தான். 'லோ பிபியா? உப்பை அள்ளிப் போட்டுக்கோ' என்று யாராவது சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அவரிடம் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நினைவு தப்பி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றே போய்விடுங்கள்.