அமெரிக்கா ஏன் இன்னும் மெட்ரிக் முறைக்கு மாறவில்லை?

மாறவில்லை என்பது பாதிதான் உண்மை. அங்குலத்துக்கு இன்று சொந்தமாக ஓர் அளவே கிடையாது. 1 அங்குலம் என்றால் சரியாக 25.4 மில்லிமீட்டர், 1 பவுண்டு என்றால் 0.45359237 கிலோ என்று அமெரிக்காவும் பிரிட்டனும் இன்னும் நான்கு நாடுகளும் 1959இல் பேசி முடித்துவிட்டன. அதற்கும் முன்னால், 1893லேயே, கெஜம் எவ்வளவு என்பதை அமெரிக்கா மீட்டரை வைத்துத்தான் வரையறுத்தது. 1875இல் பாரிஸில் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட 17 நாடுகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கேள்விக்குப் பலரும் ஒரு கடற்கொள்ளைக் கதை சொல்வார்கள். 1793இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தோமஸ் ஜெபர்சனிடம் காட்டுவதற்காக மாதிரி நீளக்கோலும் எடைக்கல்லும் கொடுத்து தோம்பே என்ற விஞ்ஞானியைப் பிரான்ஸ் கப்பலில் அனுப்பியது, புயலில் கப்பல் கரீபியன் பக்கம் ஒதுங்கியது, கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டார்கள், மனிதர் மொன்செராட் தீவில் சிறையிலேயே இறந்துபோனார். நடந்த கதைதான், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் போய்ச் சேர்ந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்பதை நான் நம்பவில்லை. ஏனென்றால் மீட்டர் பிறந்த வீட்டிலேயே அது எடுபடவில்லை!

பிரான்ஸ் 1795இல் சட்டம் போட்டது. சந்தையில் யாரும் கண்டுகொள்ளவில்லை, 1812இல் நெப்போலியனே பழைய பெயர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. 1840 ஜனவரி 1 முதல்தான் மீட்டர் மீண்டும் கட்டாயமானது. ராஜாவின் தலையை எடுத்தவர்களுக்குப் பழைய அளவுகோலை எடுக்க 45 வருடம் ஆகியிருக்கிறது.

என் கணிப்பில் விஷயம் அங்கேதான் இருக்கிறது. கெடு வைத்து, பழையது இனி செல்லாது என்று சொன்னால்தான் இது நடக்கும். 1974 ஜூலையில் ஆஸ்திரேலியா ஒரே மாதத்தில் சாலைப் பலகைகளைக் கிலோமீட்டருக்கு மாற்றியது. அமெரிக்காவின் 1975 சட்டமோ விருப்பப்பட்டவர்கள் மாறலாம் என்றது. யார் விருப்பப்படுவார்கள்? அதற்கென்று அமைத்த வாரியத்தையும் 1982இல் கலைத்துவிட்டார்கள்.

சரி, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு 1999இல் செவ்வாய்க்குப் போய்த் தொலைந்த நாசாவின் விண்கலத்தைச் சொல்வார்கள் (ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் கணக்கைக் கொடுக்க, இன்னொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது). எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, இயந்திரப் பராமரிப்பு வேலை என்பதால் ஒரு போல்ட் போதும். எம்8 என்ற மெட்ரிக் போல்ட்டின் விட்டம் 8 மில்லிமீட்டர், 5/16 அங்குலப் போல்ட் 7.94. கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. நட்டு கூட ஒன்றிரண்டு சுற்று ஏறும், மரை இடைவெளி வேறு என்பதால் அப்புறம் இறுகிக்கொள்ளும், துரு என்று நினைத்து இன்னும் பலமாகத் திருகினால் மரை போச்சு. ஸ்பானரிலும் அதே கூத்துதான், அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீட்டர் என்பதால் 13ஆம் நம்பர் ஸ்பானர் நன்றாகவே உட்காரும், அழுத்தும்போதுதான் வழுக்கி மூலைகளை மழுக்கிவிடும். இப்படி மழுங்கிய ஒரு போல்ட்டை அறுத்து எடுக்க எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போயிருக்கிறது. அதிலிருந்து மரை அளவுகோலை வைத்துப் பார்க்காமல் நட்டில் கை வைப்பதில்லை.