ருசி கண்ட எலி

கேள்வி: பாலக்கோட்டுலேருந்து எழுதுறேங்க. பையனுக்கு 9 வயசு, ஒரு இடத்துல உக்கார மாட்டான், டீச்சருங்க தினமும் கம்ப்ளைன்ட். தர்மபுரியில டாக்டர் பாத்துட்டு ஏ.டி.எச்.டி.ன்னு (கவனம் நிக்காம, ஓயாம துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனை) சொல்லி மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. என் தம்பி போன்ல எதையோ படிச்சிட்டு, "அக்கா, இத எலிக்கு குடுத்தா அது பெருசானதும் கொக்கெய்னுக்கு அலையுதாம், புள்ளைக்கு குடுத்துராத"ங்கறான். பத்து நாளா அட்டையைப் பிரிக்காம பீரோவுல வெச்சிருக்கேன். என்ன பண்றது?

பதில்: உங்க தம்பி பொய் சொல்லலீங்க அக்கா, ஆனா கதையில பாதியோட நிறுத்திட்டாரு.

முதல்ல அவர் சொன்ன பாதி. எலியோட கழுத்து ரத்தக்குழாய்ல மெல்லிசா ஒரு ட்யூப் வெச்சிடுவாங்க, கூண்டுல ஒரு லீவர் இருக்கும், அமுக்குனா மருந்து உள்ள போகும், அமுக்கலன்னா ஒண்ணுமில்ல, எது எத்தன தரம் அமுக்குதுன்னு எண்ணுறதுதான் வேலை. 1989ல பிரான்சுல போர்தோ நகரத்து ஆளுங்க இப்படிப் பண்ணப்ப, புது இடத்துல விட்டா துருதுருன்னு ஓடுற எலிங்க ஆம்ஃபெடமினுக்கு (உங்க பையன் மாத்திரை மாதிரியே மூளையைத் தூண்டுற மருந்து வகை) சீக்கிரம் பழகுச்சு, அமைதியான எலிங்க பழகல, ஆனா அந்த அமைதியான எலிங்களுக்கே முன்கூட்டி சில ஊசி ஆம்ஃபெடமின் போட்டு வெச்சா அதுங்களும் பழகிடுச்சு. அதாவது முன்னாடி பட்ட மருந்தோட தடம் மூளையில தங்கிடுது. இடைவெளி விட்டு விட்டு குடுத்தா மூளையில டோபமின்னு ஆசையைத் தூண்டுற ரசாயனம் போற பாதை அடுத்த தடவை இன்னும் வேகமா துள்ளுது.

உங்க ஊர்ல தக்காளித் தோட்டத்துல ஒருதரம் மேஞ்ச ஆட்டைப் பாத்திருப்பீங்க, அப்புறம் கயித்தை அறுத்துக்கிட்டு நேரா அங்கதான் போகும். தக்காளி ருசி ஒண்ணும் கூடிடல, வேலியைப் பாத்தாலே இழுக்குது, அவ்வளவுதான். ராபின்சன், பெரிட்ஜ்னு ரெண்டு பேர் 1993ல சொன்னது கிட்டத்தட்ட இதான், பிடிக்கிறது வேற, வேணும்னு இழுக்கிறது வேற, இழுப்பு மட்டும் கூடிக்கிட்டே போகும்னு. ருசி கண்ட பூனைன்னு நாம சொல்றதைக்கூட கொஞ்சம் திருத்தணும்போல!

இப்ப மீதிப் பாதி. மெத்தில்ஃபெனிடேட்டையே 2001ல வளரிளம் பருவ எலிக்கு குடுத்துப் பாத்தாங்க, அப்புறம் அதுங்க கொக்கெய்னை கூடுதலா எடுத்துக்கிச்சு. தம்பி படிச்சது இந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கணும். அடுத்த வருஷமே வேற ஆளுங்க அதே மருந்தை அதுக்கும் சின்ன வயசு எலிக்கு குடுத்தாங்க, அதுங்க பெருசானதும் கம்மி டோஸ் கொக்கெய்ன் கிடைச்ச அறைப்பக்கமே போகாம ஒதுங்குச்சு. அதே மருந்து, வயசும் சோதிச்ச விதமும் மாறுனதும் பலன் தலைகீழ்.

இன்னொண்ணு, எலிக்கு பெரும்பாலும் ஊசி, உங்க பையனுக்கு மாத்திரை. ஊசியில மூளைக்கு சில நிமிஷத்துல ஏறிடும், மாத்திரை உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அந்த திடீர் ஏத்தம்தான் கிறக்கத்தைத் தர்றது. மாத்திரையைப் பொடி பண்ணக்கூடாதுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். மனுசங்க விஷயத்துல, 15 நீண்டகால ஆய்வுகள்ல 2,500 பேருக்கு மேல சேத்துப் பாத்து 2013ல எழுதுனாங்க, சின்ன வயசுல இந்த வகை மருந்து சாப்ட்டவங்க பின்னாடி போதைக்கு அதிகமாவும் போகல, குறைச்சலாவும் போகல.

அதனால எலிக்குப் பயந்து பீரோவுல பூட்டாதீங்க, டாக்டர்கிட்ட மறுபடி போங்க. தம்பி சொன்னதையும் கூச்சப்படாம சொல்லுங்க. வீட்ல யாருக்காவது இதய நோய் இருக்கா, பையன் பசி, தூக்கம், எடை எப்படின்னு அவர் கேக்கணும், கேக்கலன்னா நீங்களே எடுத்து விடுங்க. மாத்திரை ஆரம்பிச்சா அட்டை உங்க கையில இருக்கட்டும், அவன் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போக வேணாம்.

கேள்வி: கிருஷ்ணகிரி காலேஜ் மாணவன். சிகரெட் ஒண்ணுதான் சார், அது எங்கயும் இழுத்துட்டுப் போகாதுல்ல?

பதில்: இந்த "ஒண்ணுதான் சார்" நான் நிறைய கேட்டிருக்கேன் தம்பி. நோபல் வாங்குன எரிக் கேண்டலும் அவர் மனைவி டெனிஸ் கேண்டலும் இருந்த குழு 2011ல சுண்டெலிங்களுக்கு தண்ணியில 7 நாள், சிகரெட்ல இருக்கிற அதே நிக்கோடினைக் கலந்து குடுத்து, அப்புறம் கொக்கெய்ன் குடுத்தாங்க. வெறும் தண்ணி குடிச்சதுங்களைவிட இதுங்களுக்கு கொக்கெய்ன் ரொம்ப தூக்கலா வேலை செஞ்சுது. வேடிக்கை என்னன்னா வரிசையை மாத்தி கொக்கெய்னை முதல்ல குடுத்துட்டு நிக்கோடின் குடுத்தா அப்படி ஆகல. நிக்கோடின் மூளை செல்லுல ஜீன்களைச் சுத்தியிருக்கிற இறுக்கத்தை கொஞ்சம் தளர்த்தி விட்டுடுதுன்னு அவங்க காரணம் சொன்னாங்க. நீங்க கொக்கெய்ன் பக்கம் போவீங்கன்னு நான் சொல்லல, இழுத்துட்டுப் போகாதுன்னு கையெழுத்துப் போட்டுத் தரவும் மாட்டேன்.

கேள்வி: அரூர்லேருந்து. ஆராய்ச்சி எலியும் எங்க வீட்டு மச்சுல ஓடுறதும் ஒண்ணா?

பதில்: இல்லீங்க, ஆராய்ச்சி எலி பழுப்பு எலி வம்சம், தலைமுறை தலைமுறையா கூண்டுல வளத்தது. ஆயுசு ரெண்டு மூணு வருஷம், வளரிளம் பருவம்னா பொறந்து நாலாவது வாரத்துலேருந்து எட்டாவது வாரம் வரைக்கும்தான். அதுக்கு ஒரு வாரம் மருந்து குடுத்தோம்னா அது வயசுக்கு வர்ற காலத்துல கால்வாசி போச்சு. பாலக்கோட்டு அக்கா இதையும் தம்பிகிட்ட சொல்லலாம்.