கேள்வி-பதில்: துப்பாக்கி வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

இந்த மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான பயிற்சி வகுப்பு. 2022 ஜூனில் நியூயார்க்கின் பழைய கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, இந்த வகுப்புகளுக்கான விளம்பரம் தபால் பெட்டி வரை வந்துவிட்டது. வீட்டில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் குடும்பம் முடிவு செய்யட்டும். கொடுக்கிற காசுக்குச் சரியான பயிற்சி கிடைக்கிறதா என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

அக்கா, நான் எச்-1பி. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சனிக்கிழமை லைசென்ஸ் கிளாஸ் போகிறார்கள். நானும் 80 டாலர் கட்டிவிட்டேன். துப்பாக்கி வாங்கப் போவதில்லை, ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதோடு சரி. பிரச்சினை இருக்கிறதா?
— இர்விங், டெக்சாஸ்

பெரிய பிரச்சினை இருக்கிறது, தம்பி. போகாதீர்கள்.

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசுச் சட்டம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த மாநிலச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. சொந்தமாக வாங்கினால்தான் 'வைத்திருப்பது' என்றும் நினைக்காதீர்கள். ரேஞ்சில் அரை மணி நேரம் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் அதில் சேரும். இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு. விசாவும் போய்விடும், பிள்ளைகளின் படிப்பும் நடுவில் நிற்கும்.

வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விதிவிலக்கு உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் உங்கள் விசாவைக் காட்டிக் கேட்காமல் அதை நம்பி ரேஞ்சுக்குள் கால் வைக்க வேண்டாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் கேட்பதில் தவறில்லை. 80 டாலரில் ரேஞ்ச் பகுதிக்கான பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நான் சிட்டிசன், கணவர் எச்-1பி. என் பெயரில் துப்பாக்கி வாங்கி இருவரும் பயன்படுத்தலாமா?
— ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

உங்களுக்காக நீங்கள் வாங்கலாம். அவருக்காக வாங்கினால் குற்றம். கடையில் நீங்கள் நிரப்பும் படிவத்தில் யாருக்கு வாங்குகிறீர்கள் என்று பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அவர் அதைக் கையில் எடுக்கவே கூடாது, ஆகவே துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

ஆன்லைனில் 20 நிமிட டெஸ்ட், 65 டாலர், 30 மாநிலங்களில் செல்லும் பர்மிட் என்கிறார்கள். வாங்கலாமா?
— சார்லட், வட கரோலினா

வேண்டாம். ஒரு காலத்தில் இப்படி ஆன்லைன் பயிற்சியை ஏற்றுக்கொண்டு பர்மிட் கொடுத்தது வர்ஜீனியா மாநிலம். 2021 ஜனவரியோடு அது நின்றுவிட்டது, விளம்பரம் மட்டும் நிற்கவில்லை.

அக்கா, ஓட்டலில் இலவச வகுப்பு என்று தபாலில் கார்டு வந்தது. நானும் மனைவியும் வெள்ளிக்கிழமை மாலை போனோம். ஒரு மணி நேரம் பயமுறுத்தும் வீடியோ காட்டினார்கள். இரவில் வீடு புகுந்த கதைகள். கடைசியில், இன்று மட்டும்தான் இந்த விலை என்று சொல்லி, பல மாநிலங்களுக்கான பர்மிட் பாக்கேஜுக்கு ஆளுக்கு 199 டாலர் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இல்லினாய்ஸில் அது செல்லாதாம். எனக்கு 66 வயது. ஏமாந்துவிட்டோமே என்று மனைவி தூங்கவில்லை.
— நேப்பர்வில், இல்லினாய்ஸ்

தூங்கச் சொல்லுங்கள் அண்ணா. தவறு உங்களுடையது இல்லை. நன்றாகப் படித்த மனிதரையும் ஒரு மணி நேரம் பயமுறுத்தினால் கார்டை நீட்டத்தான் செய்வார். அந்தக் கூட்டத்தை அதற்காகத்தான் நடத்துகிறார்கள்.

கெடு நெருக்கமாக இருந்ததால் இவருக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பினேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறேன். ஓட்டல் ஹால், கண்காட்சி மைதானம் போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் ஒன்றை விற்றால், மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. எஃப்டிசி என்ற மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இது. பயிற்சி வகுப்புகளும் இதில் அடங்கும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. சனிக்கிழமை வேலை நாள் கணக்கில் வரும், ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் வராது. ஆகவே வெள்ளிக்கிழமை வாங்கியவருக்குச் செவ்வாய் நள்ளிரவு வரை நேரம். காரணம் சொல்லத் தேவையில்லை. ரத்துப் படிவத்தை விற்பவரே இரண்டு பிரதி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வெள்ளைத் தாளில் நீங்களே எழுதி, அந்தக் கெடுவுக்குள் தபால் முத்திரை விழும்படி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பத்து நாளில் பணம் திரும்ப வர வேண்டும்.

இவர் திங்கட்கிழமை காலை தபால் ஆபீஸ் திறந்ததும் போய் அனுப்பியிருக்கிறார். 398 டாலரும் திரும்பி வந்துவிட்டது என்று போன வாரம் எழுதினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விளம்பரத்தில் வகுப்பு 59 டாலர். வெளியே வரும்போது 234 டாலர் ஆகியிருந்தது. அதோடு, 16 மணி நேரம் என்றவர்கள் எட்டு மணி நேரத்தில் முடித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். லாபம் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஷாம்பர்க், இல்லினாய்ஸ்

லாபம் இல்லை. காசும் போனது, பாதிப் பயிற்சியும் போனது. பல வருடமாக என்னை வாட்டும் விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ரசீதைப் பார்த்தேன். வகுப்பு 59, ரேஞ்ச் 25, வாடகைத் துப்பாக்கி 20, தோட்டா 20, காது மூடியும் கண்ணாடியும் 10, 'சான்றிதழ் கட்டணம்' 40, கைரேகை 60. சான்றிதழ் தராத வகுப்பை யார் வாங்குவார்கள்? அதற்குத் தனியாக 40 டாலர் வாங்குவது, சாப்பாட்டுக்கு ஒரு விலையும் இலைக்கு ஒரு விலையும் போடுவது மாதிரி. லைசென்ஸ் விண்ணப்பத்தோடு கைரேகை தருவது இல்லினாய்ஸில் கட்டாயம் கிடையாது. கொடுத்தால் மாநிலப் போலீஸ் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், கொடுக்காவிட்டால் இன்னும் 30 நாள் கூடும், அவ்வளவுதான். அவசரம் இல்லாதவருக்கு அந்த 60 டாலர் மிச்சம். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. லைசென்ஸுக்கு மாநிலத்திடம் கட்டும் 150 டாலர் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த எட்டு மணி நேரம். இந்த மாநிலத்தில் 16 மணி நேரம் கட்டாயம். ஏற்கெனவே அங்கீகரித்த பயிற்சி பெற்றவருக்கும், ராணுவத்தில் இருந்து கௌரவமாக வெளிவந்தவருக்கும் எட்டு மணி நேரம் வரை கழிவு உண்டு. நீங்கள் மென்பொருள் வேலை பார்ப்பவர், துப்பாக்கியை முதன்முதலாகத் தொட்டவர். உங்களுக்கு எந்தக் கணக்கில் கழித்தார்கள்? விட்டுப்போன மணி நேரத்தில் எதை விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சுடுவதை விடமாட்டார்கள், அதற்குத்தானே ஆட்கள் வருகிறார்கள். சட்டப் பாடத்தை வெட்டுவார்கள். எப்போது துப்பாக்கியை எடுக்கவே கூடாது, எந்தக் கட்டடத்துக்குள் கொண்டு போகக் கூடாது, போலீஸ் காரை நிறுத்திக் கேட்டால் கையை எங்கே வைத்து என்ன சொல்ல வேண்டும் — உங்களைச் சிறைக்குப் போகாமல் காப்பாற்றும் பாடம் அதுதான்.

சுடும் தேர்வு கடினமானது இல்லை. 5, 7, 10 கெஜ தூரத்திலிருந்து பத்துப் பத்துக் குண்டு, முப்பதில் 21 பட்டால் தேர்ச்சி. காகித மனிதன் அசையாமல் நிற்கும், நமக்கும் கை நடுங்காது. அதில் தேறியதை வைத்து 'எனக்குத் தெரியும்' என்று நினைப்பதுதான் ஆபத்து.

ஆகவே பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர்? அவர் பெயர் மாநிலப் போலீஸ் பட்டியலில் இருக்கிறதா? பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. உங்கள் விஷயத்தில், அந்தச் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். மீதி எட்டு மணி நேரத்தை நடத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாநிலப் போலீஸுக்குப் புகார் எழுதுங்கள்.

12 டாலருக்கு எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் துணி ஹோல்ஸ்டர் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) வாங்கினேன். இன்ஸ்ட்ரக்டர் அதைப் பார்த்ததும் ரேஞ்சுக்குள் விட மறுத்து, எல்லோர் முன்னாலும் திட்டினார். கிளாஸ் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

கேட்காதீர்கள். அவர் உங்கள் தொடையைக் காப்பாற்றினார். என்ன கொண்டு வர வேண்டும் என்று அவர் அனுப்பிய மெயிலில் 'டிரிக்கரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர்' என்று இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. நீங்களே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். படித்துவிட்டு வாங்கக் கூடாதா?

துணி ஹோல்ஸ்டர் நாலு நாளில் தொய்ந்துவிடும். துப்பாக்கியைத் திரும்பச் சொருகும்போது வாய் மடங்கி உள்ளே போகும். அந்த மடிப்பு டிரிக்கருக்கு முன்னால் மாட்டினால், விரல் வைக்காமலே வெடிக்கும். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஹோல்ஸ்டரும், அது தொங்காத அளவுக்குக் கெட்டியான பெல்ட்டும் வாங்குங்கள்.

மனைவிக்கு ஆசையாக 'லேடீஸ் மாடல்' குட்டித் துப்பாக்கி வாங்கினேன். முதல் வகுப்பில் பத்துக் குண்டு சுட்டதும் கை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாள். கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.
— கேட்டி, டெக்சாஸ்

விற்று முடித்த துப்பாக்கியைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. செகண்ட் ஹேண்ட் விலைக்கு அதே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ள முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இதே தவறை நானும் செய்தேன். கைப்பைக்குள் அடங்குகிறது, பெண்களுக்கு ஏற்றது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஆகச் சிறியதை வாங்கினேன். எடை குறைந்தால் உதைப்பு கூடும் என்பது முதல் குண்டிலேயே புரிந்தது. பிடியில் சுண்டு விரலுக்கு இடமில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் சிவந்து, இரண்டு நாள் பாத்திரம் தேய்க்க முடியவில்லை. அடுத்த வகுப்பில் இன்ஸ்ட்ரக்டர் நடுத்தர அளவு 9 எம்எம் ஒன்றைக் கொடுத்தார். கனமாக இருந்தது, ஆனால் ஐம்பது குண்டு சுட்டும் கை வலிக்கவில்லை. உங்கள் மனைவியை ரேஞ்சுக்கு அழைத்துப் போய், நாலைந்து வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தேர்ந்தெடுக்கட்டும். அவருக்கு விருப்பமே இல்லை என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் படிக்கும் மகளுக்குப் பெரிய மிளகு ஸ்பிரே வாங்கி, கைப்பையில் வைத்து விமானம் ஏறப் போனோம். பிடுங்கிக்கொண்டார்கள். அவளுக்குத் தற்காப்புக்கு வேறு என்ன வாங்கலாம்?
— ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

கைப்பையில் எந்த அளவும் கூடாது. பெட்டியில் போடும் சாமானில் நாலு அவுன்ஸுக்கு மிகாத ஒன்றை, பாதுகாப்பு மூடியோடு அனுமதிக்கிறார்கள். சில விமான நிறுவனங்கள் அதையும் ஏற்பதில்லை. அப்படியே போய்ச் சேர்ந்திருந்தாலும் நியூ ஜெர்சியில் முக்கால் அவுன்ஸுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அங்கேயே சிறியதாக வாங்கச் சொல்லுங்கள், வருடா வருடம் காலாவதித் தேதி பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மகளிடம் கேம்பஸ் போலீஸில் விசாரிக்கச் சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அவர்களே மாணவிகளுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்துகிறார்கள், இலவசமாகவோ மிகச் சிறிய தொகைக்கோ. வெளியே 400 டாலர் கேட்பவரிடம் போகும் முன் இதைப் பாருங்கள்.

இன்ஸ்ட்ரக்டர் வங்கி ஆப்பில் ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதி மூலம் பணம் அனுப்பச் சொன்னார். 150 டாலர் அனுப்பினேன். வகுப்பை இரண்டு முறை தள்ளிவைத்தார். இப்போது போனை எடுப்பதில்லை.
— எடிசன், நியூ ஜெர்சி

எனக்கும் இது நடந்தது. கோவிலில் பழக்கமான ஒருவர் சொன்னார் என்பதற்காக, ஜெல்லில் 175 டாலர் அனுப்பிவிட்டு நாலு மாதம் காத்திருந்தேன். ஒரு காசு வரவில்லை. நாமே விரும்பி அனுப்பிய பணம் என்று சொல்லி வங்கி கைவிரித்துவிட்டது.

கிரெடிட் கார்டாக இருந்தால் வழி உண்டு. சொன்னபடி நடத்தாத வகுப்புக்கான தொகையை, அது வந்த முதல் பில் தேதியிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்கலாம். விசாரணை முடியும் வரை அந்தத் தொகையைக் கட்டத் தேவையில்லை. வகுப்புத் தேதி இரண்டு மாதத்துக்கு அப்பால் இருந்தால் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

உங்கள் 150 டாலருக்கு: அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். பத்து நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்துவிட்டு, சிறு தொகை வழக்குக்குப் போங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. கடிதத்தின் மாதிரி வேண்டுமானால் எழுதுங்கள், நான் எனக்காக எழுதியதையே அனுப்பி வைக்கிறேன்.